இயோவாசாவின் மடி

புதைத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை, இயோவாசா பேருந்தில் தன் பழைய இருக்கைக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் பலகைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுபோனார்கள்; கீழே மெத்தென்று, வெதுவெதுப்பாக ஒரு மடி இருந்தது. உபோலுத் தீவின் தெற்குக் கரையிலிருந்து ஆப்பியா சந்தைக்குப் போகும் அந்த மரப்பேருந்தில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் மடியில் உட்காருவது வழக்கம்தான். அதனால் முதலில் உட்கார்ந்த பக்கத்து வீட்டு லாங்கி, வண்டி பாதி மலை ஏறிய பிறகுதான் இது யார் மடி என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. இயோவாசா மேல் எப்போதும் வரும் வறுத்த கொக்கோ வாசம் மட்டும் அடித்தது.

அது அவர்தான் என்பதில் சந்தேகம் எழவில்லை. வானொலியில் ஆட்டப்பாட்டு வந்தால் வலது முழங்கால் தாளம் போட்டது, உயிரோடு இருந்தபோது போட்ட மாதிரியே. பேய் வேலையாக இருக்குமோ என்று சிலர் முணுமுணுக்க, போதகரே ஒருநாள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். துதிப்பாட்டு வந்ததும் மடி தேவாலயத்தில் இருப்பதுபோல அடக்கமாக இருந்ததாகச் சொன்னார். பேச்சு அதோடு நின்றது. முதுகுவலிக்காரர்கள் அந்த இடத்தையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அவர் மனைவி சினிவாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. தோள் உரசவில்லை, வாசம் வரவில்லை. சாயங்காலங்களில், ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே கட்டியிருந்த அவர் கல்லறை மேல் உட்கார்ந்து, பன்றி குட்டி போட்டதையும் கூரை ஒழுகுவதையும் சொன்னாள். கல் கல்லாகவே இருந்தது. இறங்குகிறவர்களோ, அண்ணன் இன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். சிரித்துத் தலையாட்டினாள். உள்ளே சுருக்கென்று தைத்தது.

லாங்கியிடம் மட்டும் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் மடி குடுக்கறாரு. கட்டினவளுக்கு ஒரு மூச்சுக்காத்துகூட இல்ல."

"நீதான் ஒரு தடவ உக்காந்து பாரேன்."

சினிவா மாட்டேன் என்றாள். உட்கார்ந்து, வெறும் பலகை தட்டுப்பட்டுவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? தவிர, குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் பேருந்தில் அவர் மடியில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. தெருவில் பெண்டாட்டி கை பட்டாலே காது சிவந்துபோகிற மனிதர் அவர்.

அக்டோபரில், பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தேவாலயம் போகும் குழந்தைகள் திருநாளுக்குத் துணி வாங்க ஊரே ஆப்பியாவுக்குக் கிளம்பிய சனிக்கிழமை, மலைத்திருப்பத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி ஏறினாள். சினிவா சட்டென்று எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தாள். நிற்கக்கூட இடமில்லை, எல்லா மடியும் நிரம்பியிருந்தது. இயோவாசாவின் மடியில் இருந்த லாங்கி எழுந்து, பின்னால் இருந்த ஒருத்தியின் மடிக்கு மாறிக்கொண்டாள். ஓட்டுநர் செஃபோ கண்ணாடியில் பார்த்தான்.

"உக்காருங்க சினிவாக்கா. வண்டிய எடுக்கணும்ல?"

முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக உட்கார்ந்தாள். பலகை வரவில்லை. வந்தது அவர் மடிதான். ஆனால் மற்றவர்கள் சொன்ன மெத்து அதில் இல்லை. முழங்கால்களை ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்து, உத்தரம் மாதிரி விறைத்திருந்தது. கல்யாணத்தன்று விருந்துப் பாயில் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே இருந்தும் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஊர் பார்க்குமே என்று மனிதர் இத்தனை மாதமாக இருக்கையின் மறுகோடியில் ஒதுங்கியே வந்திருக்கிறார்.

"செத்த பிறகும் என்னய்யா வெக்கம்?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்லா சாஞ்சு உக்காரு."

பேருந்து சிரித்து ஓய்வதற்குள் மடி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வானொலிப் பாட்டுக்கு முழங்கால் தாளம் போட ஆரம்பித்தது. அவர் போனதிலிருந்து அழாத சினிவா ஆப்பியா வரும்வரை அழுதாள். தாளத்தில் உடம்பு குலுங்கியதால் நடுநடுவே சிரிப்பும் வந்தது. நிறைமாதப் பெண் கையிலிருந்த வேகவைத்த டாரோக்கிழங்கில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். சினிவா வாங்கித் தின்றாள்.

அதற்குப் பிறகு அது அவள் இடம் என்றானது. கூட்டம் அதிகமானால் லாங்கி சினிவாவின் மடியில் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பக்கத்து டயர் மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. அதில் காற்றைச் சற்றுக் கூடுதலாக அடிக்கும்படி செஃபோ பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறான்.