துறை தெரியாத வள்ளம்

நெடுந்தீவுப் பங்குக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெற்ற கணினி வகுப்பில், யூலியட்டுக்கு அருகில் அமர்ந்திருந்தவள் என்ற ஒரே தகுதியால் இதனை எழுதத் துணிகிறேன்.

அவ்வகுப்பில் பல்பரிமாணத் தரவுப் பகுப்பாய்வு கற்பித்தார்கள். ஒரே எண்ணிக்கையை மாதவாரியாகவும் இடவாரியாகவும் ஆள்வாரியாகவும் புரட்டிப் பார்க்கும் முறை அது. பயிற்சிக்கெனக் கிடைத்த மாதிரித் தரவுத்தளமோ எங்கோ ஒரு நாட்டின் சைக்கிள் விற்பனையைப் பற்றியது. ஆகவே, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நிசாந்தன் ஆசிரியர், எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் பதிவுகளைக் கொண்டே ஒன்றை அமைக்குமாறு யூலியட்டைப் பணித்தார். நாள், வள்ளம், கரையேறிய துறை ஆகியவை பரிமாணங்கள். அளப்பது மீனின் நிறை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் கடலில் இறங்கும்போதே பெயர் பதியப்படும். திரும்பியதும் துறையும் நிறையும் எதிரே எழுதப்படும். வெறுங்கையோடு வந்தால் சுழியம்.

கடந்த மாரியில் தனியே சென்ற இன்னாசித்தம்பியின் வள்ளத்துக்கு எதிரே இன்றுவரை ஒன்றும் எழுதப்படவில்லை. அவர் யூலியட்டின் தகப்பனார். உடல் கிடைக்காதபடியால், இறந்தோருக்கான பூசை ஒப்புக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தாயார் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்பாள்.

தரவுத்தளத்தில் பதிவுகளை ஏற்றிய அன்று அந்த ஒரு வரி மட்டும் ஏற மறுத்தது.

"இப்பிடி வெறுமையா ஏறாது. ஏதாவது ஒரு துறையைக் குடுத்துச் சுழியம் போடும்," என்றார் ஆசிரியர்.

"ஏலாது சேர். சுழியம் எண்டால் மீனில்லாமல் கரைக்கு வந்திட்டார் எண்டு கருத்து."

"அப்ப அந்த வரியை எடுத்துவிடும். ஒரு வரிதானே."

"எடுத்தால் அண்டைக்குத் தொழிலுக்கே போகேல்லை எண்டு வந்திடும்."

பின்வரிசையிலிருந்து அனுசன், "சேர், எங்கட பெரியப்பாவின்ர வரியளை எடுங்கோவன். அவர் சொல்லுற நிறை முழுக்கப் புளுகு," என்றான். சிலர் சிரித்தோம். பிறகு திரையிலிருந்த பெயரைக் கண்டு அனுசனே தலையைக் குனிந்துகொண்டான்.

நான் தயங்கி எழுந்து, "சேர், குறை நினைக்கவேண்டாம். அது இவவின்ர அப்பாவின்ர வள்ளம்," என்றேன்.

ஆசிரியர் கதிரையை இழுத்து அவளருகில் அமர்ந்தார்.

"துறையளின்ர அட்டவணையில 'தெரியாது' எண்டு ஒண்டைச் சேர்க்கலாம். இப்பிடியான தளங்களில வழமையா வைக்கிறதுதான். நிறை வெறுமையாவே இருக்கட்டும். ஆனால் நீர்தான் சேர்க்கவேணும். விருப்பமில்லாட்டி இண்டைக்கு விடுவம்."

யூலியட் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து வந்த பயணிகள் படகு ஊதியது. அதன்பின்னரே அந்தச் சொல்லை எழுதினாள்.

ஏற்றம் நிறைவுற்றது. மாதவாரியாகப் பார்த்தாள், வள்ளவாரியாகப் பார்த்தாள். எப்பக்கம் திருப்பினாலும் அப்பா அந்தச் சொல்லின் கீழேயே இருந்தார்.

கணினியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "லோஜனா, போற வழியில சுவாமியின்ர அறைவீட்டடியில ஒருக்கா நிப்பமே? அப்பாவுக்குப் பூசை குடுக்கோணும்."

அறைவீட்டில், பங்குத் தந்தையான சுவாமி பெயரைக் குறித்துக்கொண்டு, "இறந்த திகதி என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

யூலியட் என் கையைப் பிடித்தாள்.

"தெரியாது சுவாமி."