பாதர் கையில் கறுப்புப் பை

மனைவி வசந்தமலர் கதிரையைத் துடைத்துப் போட்டபோதே அமிர்தநாயகத்துக்குச் சந்தேகம் தட்டியது. படலையைத் திறந்துகொண்டு வந்தவர் பாதர் பஸ்ரியன். கையில் கறுப்புப் பை. பேசாலையில் நோயாளி வீட்டுக்குப் பாதர் பையோடு வந்தால் அது சாகக்கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்குத்தான். அதற்குப் பிறகு சவப்பெட்டிக்குச் சொல்லிவைப்பதுதான் பாக்கி.

அதானே பார்த்தேன் என்று நினைத்தார். போன கிழமை மன்னாரில் டொக்டர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் ‘நெப்ரோலிதியாசிஸ்’ என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். இவரிடமோ, "பயப்பிடாதேங்கோ, தண்ணியை நல்லாக் குடியுங்கோ" என்றதோடு சரி. மருந்துக்கு இனி நோய் கேட்காது என்று கைவிட்ட ஆளுக்குத்தானே வெறும் தண்ணீர்? அன்றிலிருந்து வசந்தமலர் நீட்டுகிற செம்பை இவர் தொடுவதேயில்லை. தம்பியை நாய் கடித்த வருடமும் இதே கூத்துத்தான். டொக்டர்மார் தங்களுக்குள் பேசிய சொல் ‘ஹைட்ரோபோபியா’. வீட்டுக்காரருக்குச் சொன்னது ‘பயப்பிடாதேங்கோ’. தம்பி போய்ச் சேர்ந்தான். அந்தப் பாழாய்ப்போன சொல் மட்டும் இவர் காதை விட்டுப் போகவில்லை.

"ஆர் பாதரைக் கூப்பிட்டது?" என்று மனைவியை முறைத்தார்.

"நான்தான். பாதர் குருமடத்தில கிரேக்கம் படிச்சவர். டொக்டர்மாற்ற சொல்லெல்லாம் அதிலயிருந்துதானாம். கேப்பமெண்டு போனனான், தானே வந்து சொல்லுறனெண்டவர்."

பாதர் உட்கார்ந்தார். "நெப்ரோஸ் எண்டால் சிறுநீரகம். லித்தோஸ் எண்டால் கல்லு. சிறுநீரகத்தில கல்லு, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! பிறகெதற்குப் பை? அமிர்தநாயகம் விடுவதாயில்லை. பாதர் இந்தப் பங்குக்கு வந்தது போன வருடம்தான், தம்பியின் கதை அவருக்குத் தெரியாது. அந்த நோயைக் கண்ணால் கண்டவர் இவர்; பாதர் பொய் சொன்னால் இதில் கையும் மெய்யுமாகப் பிடித்துவிடலாம்.

"அப்ப ஹைட்ரோபோபியா எண்டால் என்ன?"

பாதர் யோசிக்கவேயில்லை. "ஹைதோர் தண்ணி, போபோஸ் பயம். தண்ணிக்குப் பயம்."

அமிர்தநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் கோப்பையைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறிய தம்பியைப் பாதர் பார்த்ததில்லை. அந்தச் சொல் அன்றைக்கே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. இவருக்குத்தான் விளங்கவில்லை.

"அப்ப... இந்தப் பை?"

"பக்கத்துத் தெருவில ஒரு ஆச்சிக்குப் பூசிப்போட்டு நேர வாறன்."

வசந்தமலர் செம்பை நீட்டினாள். அமிர்தநாயகம் இரண்டு கையாலும் வாங்கி, தம்பிக்கும் சேர்த்து, அண்ணாந்து குடித்தார்.