கோணல் மீன்

அம்மா அவனை முதன்முதலாகத் திருடன் என்று கத்தியது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கைக்குக் கிடைத்த சொம்பைத் தூக்கி எறிந்தாள். புருவத்தில் பட்டது.

"யாருடா நீ? எம்புள்ள சட்டைய எதுக்குப் போட்டிருக்க?"

சட்டை அண்ணனுடையதுதான். அண்ணன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயிறு அறுந்து பதினோராம் மாடியிலிருந்து விழுந்தான். மறு வருஷமே அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. கடைசியாக நடந்ததை முதலில் தின்றுவிட்டு, அது பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் அண்ணன் செத்தது மறந்தது. "அதுவரைக்கும் நல்லதாப் போச்சு, விடு" என்றாள் சித்தி. அப்புறம் ஏழெட்டு வருஷம் மொத்தமாகப் போயிற்று. இப்போது அம்மாவுக்குப் பெரியவன் இருபது வயசுப் பையன், சின்னவன் பள்ளிக்கூடம் போகிறவன். மீசை வைத்துக்கொண்டு, ஹோட்டல் லாண்டரியில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு வெளுத்துவிட்டு வருகிற இருபத்திரண்டு வயது ஆளுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை.

அவனுக்கு அண்ணன் ஜாடை. அதனால் சில நாள் அவளே ஏமாந்து பக்கத்தில் வருவாள். இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள்.

"மீன் எங்க?"

மீன் இல்லையென்றதும் கூச்சல்.

அது அண்ணன் பத்தொன்பது வயதில் பச்சை குத்திக்கொண்டு வந்த மீன். சிநேகிதன் ஒருவன் கைபழக இனாமாகக் குத்திவிட்டது. வால் கோணி, பார்த்தால் கரண்டி மாதிரி இருக்கும். அன்றைக்கு அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "ஊரெல்லாம் கரண்டிய காசு குடுத்து வாங்குறான், இவன் ஓசியில கையிலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று ஒரு வாரம் புலம்பினாள். அந்த மீன்தான் இப்போது அவளுக்கு அடையாளம்.

ஒருநாள் சித்தி அவனை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். பகலெல்லாம் அக்காவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"நீ இருந்தா அறைய விட்டு வர மாட்டேங்குறா. மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத, கொஞ்ச நாள் வெளிய தங்கிக்கிறியா?"

"சரி சித்தி" என்றான். மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பச்சை குத்துகிற கடைக்குப் போனான்.

குத்துகிற பெண் அவன் செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது மீனா?"

"மீன்தான்."

"முதல் தடவை போட்டுக்கிறீங்க. காலத்துக்கும் கையில இருக்கும். நான் அழகா ஒண்ணு வரைஞ்சு தரேனே?"

"வேணாங்க. வால் கோணலாத்தான் இருக்கணும். கண்ணும் இப்படியே."

"உங்க கை, உங்க இஷ்டம்" என்று சிரித்தவள், ஊசியைப் பொருத்திக்கொண்டே கேட்டாள்: "யாருக்காக?"

"அம்மாவுக்கு."

"அப்ப பேரும் போட்டுக்கலாமே?"

"மீன் போதும்."

பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. முடிந்ததும் கையைத் தூக்கிப் பார்த்தான். அண்ணன் கை.

பொருக்கு உதிரும்வரை இரண்டு வாரம் லாண்டரி ஆட்களின் அறையில் படுத்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அம்மா கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலால் மீனைத் தேய்த்துப் பார்த்தாள்.

"எங்கடா போயிருந்த இத்தனை நாளா? தொரைக்கு வீட்டு ஞாபகமே இல்லையா?"

அன்றைக்கு அவன் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு நாள் வீடு வீடாக இருந்தது.

ஐந்தாம் நாள், அவன் வேலை முடிந்து வருகிற நேரம், அம்மா வாசலில் நின்றாள்.

"தம்பி எங்கடா?"

"வருவான்மா."

"பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு நேரமாச்சு! கையோட கூட்டிட்டு வர மாட்ட?"

அதிலிருந்து தினமும் அதுதான். தட்டைத் தள்ளிவிடுவாள். "புள்ள பசியோட எங்க நிக்கிறானோ" என்பாள். "நான்தாம்மா அது" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தான். "வெளையாடாத" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பத்தாவது நாளோ என்னவோ, காய்ச்சலோடு வந்தவன் வாசலிலேயே சொல்லிவிட்டான்.

"தம்பி இல்லம்மா. செத்துட்டான்."

அம்மா கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"வலிச்சுதாடா அவனுக்கு?"

"தெரியலம்மா."

அவன் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "உன்னைக் கீழயே விடாம வளர்த்தேன். அவன ஆசையா ஒருநாள் தூக்கலடா. அழக்கூட மாட்டான், தானா வளர்ந்துட்டான். அவனுக்கு நான் ஒண்ணுமே செய்யலியேடா."

அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். சத்தம் கேட்டு வந்த சித்தி, விஷயம் புரிந்ததும் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். "பாவி, என்ன காரியம்டா பண்ணின!"

மறுநாள் காலையில் அம்மாவின் இமைகள் வீங்கியிருந்தன. "கண்ணு ஏன் இப்படி எரியுது?" என்று கேட்டாள். சித்தி தூசி என்றாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது அம்மா ஜன்னலில் நின்றிருந்தாள்.

"தம்பி எங்கடா?"

"வந்துட்டிருக்கான்மா" என்றான்.

பக்கத்தில் போய் நின்றான். பையை முதுகில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தெரு காலியாகும்வரை அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.