மூன்று மணி மருந்து

எலிகள் இன்னும் உலகத்தைப் பிடித்துவிடாமல் இருப்பதற்கு ஒரே காரணம் தன் வலது கைதான் என்பது எலிக்காரரின் தீர்மானமான கருத்து. விஞ்ஞானிகள் யாரும் இதை மறுக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இருபத்திரண்டு வருடமாக எலி கொல்வதுதான் அவருக்குப் பிழைப்பு. விஷம் வைப்பார், பொறி வைப்பார். அவசரம் என்றால் இரும்புக் கம்பி.

அன்று காலை மாவுமில் கிடங்கில் அவசரம். மூட்டையை நகர்த்தியதும் ஒரு கூட்டமே சிதறியது. கம்பி ஏறி இறங்கியது. மண்டை உடைகிற சத்தம் வேறு, முதுகு முறிகிற சத்தம் வேறு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஒன்று பூட்ஸைக் கவ்விக்கொண்டு தொங்கியது. காலோடு சேர்த்துச் சுவரில் அடித்தார். வெள்ளைச் சுவர் சிவந்தது. இடுப்பு நசுங்கிய இன்னொன்று முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு மூட்டைக்கடியில் நுழையப் பார்த்தது. குதிகாலை வைத்து அழுத்தினார்.

கிடங்குக் காவலாளி வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"என்னண்ணே, காலைல சாப்பிட்டது ஒத்துக்கலையா?" என்று எலிக்காரர் அக்கறையாக விசாரித்தார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஓர் எலி இருந்தது. மனைவிக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை. சோதனை முடிந்ததும் கொன்றுவிடச் சொன்ன வெள்ளை எலியை இரண்டு வருடத்துக்கு முன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். பெயர்கூட வைத்தாள், ராசா என்று. இப்போது ராசாவின் கக்கத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. இன்னும் ஓரிரு நாள்தான், வலிக்கு மட்டும் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மத்தியானம் எலிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வாழைப்பழத்தை மென்று, சொட்டு மருந்தைக் கலந்து, உதட்டு நுனியில் வைத்துக் குனிந்திருந்தாள். ராசா நக்கித் தின்றது.

"த்தூ! எலிக்கு வாயால ஊட்டுறா பாரு. வெளிய தெரிஞ்சா என் தொழிலே நாறிடும்."

"நாறுறது தொழில் இல்ல, நீங்க. மொதல்ல போய்க் குளிங்க."

"இங்க குடு. கழுத்துல ரெண்டு விரல், மூணு செகண்டு. அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் வேலைக்குப் போறேன். மூணு மணி மருந்து உங்க பொறுப்பு. வலில துடிக்காம, வயிறு காயாம போகணும் அது. கல்யாணமானதுலேருந்து உங்ககிட்ட வேற என்னத்தக் கேட்டேன்?"

கேட்டவற்றின் பட்டியல் அவருக்கு மனப்பாடம். சொல்ல இது நேரமில்லை என்று விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு ராசா கீச்சிட ஆரம்பித்தது. செருப்பு டப்பாவுக்குள் புரண்டு, தன் கட்டியைத் தானே கடித்தது. துணியெல்லாம் ரத்தம். அவர் பழத்தைப் பிசைந்து, மருந்து கலந்து, விரலில் நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டு மூலைக்கு நகர்ந்தது. தோல் எரிகிற வரை நாலு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி திரும்பிக்கொண்டது. கரண்டியில் நீட்டினார். கரண்டிக்குப் பின்னாலும் அதே கைதானே! இருபத்திரண்டு வருட விஷ வாடை. இவ்வளவு விவரமான எலி ஒன்றுகூட அவரிடம் மாட்டியதில்லை. விவரமானது எப்படி மாட்டும்?

வாயைப் பிளந்து ஊட்டப் பார்த்தார். நகத்தைத் துளைத்துக் கடித்தது.

"சனியனே!"

ஒரே பிடியாகத் தூக்கினார். கை தானாகச் சுவர்ப்பக்கம் ஓங்கியது. இரண்டு விரல் தானாகவே கழுத்துக்குப் போய்விட்டது. தொண்டை விரலுக்கடியில் படபடத்தது. ராசா தானாகவே போய்விட்டது என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். மூன்று செகண்டு.

உள்ளங்கையில் அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

எலிக்காரர் யோசித்தார். அவர் கையால் செத்தவை எல்லாமே வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் செத்தன. விஷமானாலும் முழுச்சாப்பாடு. காலையில் செத்தவைகூடத் தொந்தி முட்ட மாவோடுதான் போயின. சொந்த வீட்டு எலி மட்டும் பட்டினியாகப் போவதா?

ராசாவை டப்பாவில் இறக்கிவிட்டார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். பழத்தோலைப் பல்லால் உரித்து, பழத்தை மென்று, உதட்டில் மருந்தைச் சொட்டவிட்டுக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்தார். கடிபட்ட கையையும் கடிபடாத கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டப்பாவுக்குள் முகத்தை நீட்டி அசையாமல் கிடந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மீசையில் மீசை உரசியது.