வெள்ளி நாணயத்தில் ஒரு கீறல்

இல்க்வார்ஸுக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவன் வரைந்த வெள்ளி நாணயம் அன்று தலைநகர் ரீகாவில் வெளியாகிறது. ஒரு பக்கம் அரசுச் சின்னம்: சூரியன், சிங்கம், கழுகுத் தலையும் இறக்கையும் வைத்த சிங்கம், மேலே மூன்று நட்சத்திரம். மறு பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சக்தா. பெண்கள் மார்பில் சால்வையைப் பூட்டிக்கொள்ளும் வட்டக் கொக்கி.

அந்த ஆயிரம் வருஷத்தில்தான் சின்னச் சிக்கல். அசலைப் பார்த்து வரைய அருங்காட்சியகத்துக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டி காலி. சக்தா பக்கத்து நாட்டுத் தாலினுக்குக் கண்காட்சிக்குப் போயிருந்தது. கெடுவோ நெருங்கிவிட்டது. எல்லாம் ஒரே மாதிரிதானே என்று, மனைவி விஸ்மா கோடைத் திருநாள் சந்தையில் வாங்கிய சக்தாவைச் சமையலறை மேசையில் வைத்து வரைந்து கொடுத்துவிட்டான். முன்பு அதன் ஊசி உடைந்து அவன் சரிசெய்தபோது, குறடு வழுக்கி விளிம்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. கை பாட்டுக்கு அதையும் வரைந்துவிட்டது. விஸ்மாவிடம் மூச்சுவிடவில்லை. வெளியே தெரிந்தால், பீர் பாட்டில் லேபிள் வரையக்கூட இனி எவனும் அவனைக் கூப்பிடமாட்டான்.

மேடையில் டாக்டர் ஆவ்ஸ்மா பேசிக்கொண்டிருந்தார். நாணயக் குழுவின் தொல்பொருள் நிபுணர். பாட்டுத் திருவிழாவுக்குப் போகும் குழுக்களின் நாட்டுப்புற உடை அசல்தானா என்று சோதிக்கும் நடுவரும் அவரே. அவர் கண்ணுக்குத் தப்பிய பொத்தான் கிடையாது என்பார்கள். பெரும்பாலும் அதை அவரேதான் சொல்வார்.

"விளிம்புல அந்தச் சாய்ஞ்ச கோட்டைப் பாருங்க! இடித் தெய்வம் பெர்கோன்ஸோட மின்னல் அது. நம்ம முன்னோருங்க ஒரு கோடுகூட வீணாப் போட்டதில்ல!"

கைதட்டல். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இல்க்வார்ஸ் காலர் பொத்தானைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

அடுத்து பாடகர் குழு நுழைந்தது. முன்வரிசையில் விஸ்மா. அவள் மார்பில் அதே சக்தா! வசந்தகால உடைச் சோதனையில் ஆவ்ஸ்மா அதைத் தள்ளிவிட்டதிலிருந்து, சால்வையில் சாதா ஊக்கைக் குத்திக்கொண்டு பின்வரிசையில் நிற்பவள் அவள்.

"பின்னாடி போடி," என்று தன்னைத் தாண்டிப் போனவளிடம் பல்லைக் கடித்தான்.

"எதுக்குப் போகணும்? வாசல்ல ஆளுயர நாணயப் படம்னு என் சக்தாவைத்தானே ஒட்டி வச்சிருக்கீங்க? வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்."

பாட்டு முடிந்து கீழே இறங்கிய ஆவ்ஸ்மா, விஸ்மாவின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அநியாயத்தைப் பாத்தீங்களா! நாணயத்தோட சூடுகூட ஆறல, அதுக்குள்ள டூப்ளிகேட் அடிச்சு மாட்டிட்டு வந்துட்டாங்க. மின்னலைக்கூட விடல!"

"மின்னலா? டாக்டரம்மா, அது எங்க வீட்டுக்காரர் குறடு வழுக்கினது. வசந்தத்துல நீங்கதானே இதைப் பாத்துட்டு, 'சந்தைச் சரக்கு, கழட்டு'ன்னீங்க?"

ஆவ்ஸ்மா சக்தாவைக் கையில் வாங்கினார். நாணயத்தைப் பார்த்தார், சக்தாவைப் பார்த்தார், பிறகு இல்க்வார்ஸைப் பார்த்தார். அவன் பதில் சொல்ல வேண்டிவருமே என்று விருந்துத் தட்டிலிருந்து பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒன்றை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டான். அந்த வரைபடத்தின் அடியில் 'அசலுடன் ஒப்பிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டவர் ஆவ்ஸ்மா. அவர் காது மடல் சிவந்தது.

"வசந்தத்துல வெளிச்சம் சரியில்ல," என்றார் கடைசியில். பிறகு குரலை உயர்த்தி, "இதுதாங்க அறுபடாத மரபு! மண்ணுக்கடியில தேட வேண்டாம், நம்ம பொண்ணுங்க மார்பிலயே இருக்கு!" என்று, தம் கையாலேயே விஸ்மாவின் சால்வையில் அதைக் குத்திவிட்டார். கேமராக்கள் மின்னின.

இல்க்வார்ஸ் ரொட்டியை விழுங்கினான். ஒரு மூச்சு நிம்மதியாக விட்டான். இரண்டாவதற்குள் பின்வரிசை ஜித்ரா சால்வையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டரம்மா, என்னோடதையும் பாத்துடுங்க. நானும் அதே கடையிலதான் வாங்கினேன்."

"தள்ளுடி," என்று இன்னொருத்தி அவளை இடித்தாள். "இவளுக்கு முன்னாடி வாங்கினவ நான். என்னோடதுல ரெண்டு மின்னல் இருக்கு!"

குழு மொத்தமும் ஆவ்ஸ்மாவைச் சூழ்ந்துகொண்டது. ஒரு பத்திரிகைக்காரர், எந்தக் கடை, எந்தத் தெரு என்று விசாரிக்க ஆரம்பித்தார். வாசல் எந்தப் பக்கம் என்று இல்க்வார்ஸ் தேடினான். அங்கே அமைச்சர் நின்றுகொண்டு, அடுத்த நாணயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.