எர்லீன் கேட்ட இடம்

இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்த பிறகு ஓடெலால் காட்டுக்குள் நடக்க முடியவில்லை. பாப்லர் ஓடை வேட்டைச் சங்கத்தில் அவனுக்கிருந்த இடம் காலியானது. அந்த இடத்தைத் தன் பேருக்குக் கொடுக்கும்படி அவன் பெண்டாட்டி எர்லீன் கேட்டாள்.

கேட்டதும் சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பூட்ஸில் அப்படி என்ன இருந்ததோ தெரியவில்லை.

வெர்ஜினியாவின் அந்தத் தென்கோடியில் எர்லீனின் நாய்களைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தொரு வருஷமாகச் சங்கத்துக்கு நாய் வளர்த்துக் கொடுக்கிறவள் அவள்தான். குட்டி போட்டால் கூடவே உட்கார்ந்திருப்பாள். முள்கம்பியில் காது கிழிந்து வந்தால் ஊசி நூல் எடுத்துத் தைப்பாள். சோள ரொட்டியைப் பன்றிக் கொழுப்பில் பிசைந்து, ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் போடுவாள். காட்டில் குரைப்புக் கேட்டால், எந்த நாய், மான் எவ்வளவு முன்னால் ஓடுகிறது, ஓடையைத் தாண்டியதா இல்லையா என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிடுவாள். துப்பாக்கியும் நன்றாகவே சுடுவாள். கோழிக்கூண்டுக்கு வந்த நரிகளைக் கேட்டால் சொல்லும், கேட்க ஒன்றும் உயிரோடு இல்லை. இத்தனை இருந்தும், வேட்டை நாளில் அவளுக்கென்று இருந்தது எல்லோருக்கும் கறி ஸ்டூ கிண்டும் கரண்டிதான்.

சங்கத் தலைவர் டீக்கன் கோல்சன் நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் நடத்துகிறவர். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது. கல்யாணமான பெண்களையும் அங்கே மரியாதைக்கு 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"மிஸ் எர்லீன், நீங்க சனிக்கிழமை விருந்தாளியா வாங்க. ஒரு நாள் நின்னு பாருங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"அப்புறம் பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்" என்று வீட்டுக்கு வந்து ஓடெலிடம் பொரிந்தாள். "நம்ம பொண்ணு குதிரை வேணும்னு அழுதப்ப நானும் அதையேதான் சொன்னேன்."

"நான் வேணா அவர்கிட்ட தனியா பேசட்டுமா?"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். உன் பொண்டாட்டிங்கறதுக்காகக் கொடுத்தா அந்த இடம் எனக்கு வேண்டாம்."

சனிக்கிழமை காலையில் பனி இறங்கிக் கிடந்தது. ஓடெல் அவளைச் செம்மண் பாதை வளைவில் இறக்கிவிட்டான். நாய்கள் விரட்டிவரும் மானைச் சுட, பாதை நெடுக நூறு நூறு கஜத்துக்கு ஒருவராக ஆட்கள் நின்றார்கள். அவளுடையது கடைசி நிலை. வளைவு மறைத்ததால் அடுத்து நின்ற ரோஸ்கோவுக்குக்கூட அவள் தெரியமாட்டாள். ஓடெல் டிரக்கைத் தார்ரோட்டோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். நாய்ச் சத்தத்தைக் கேட்பதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துப் பைன் காட்டுக்குள் நாய்களை அவிழ்த்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேபல் ஒரு குரல் கொடுத்தாள். மேபல் எர்லீனின் செல்ல நாய். எட்டு வயது, வெள்ளைத் தலை, கறுப்பு முதுகு. மோப்பம் பிடித்து ஓடும்போது அவள் குரல் நீளமாகக் கிளம்பி நடுவில் உடையும். மான் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் நீட்டுவதை விட்டுவிட்டு, மூச்சுக்கு ஒன்றாக வெட்டி வெட்டிக் குரைப்பாள். மற்ற பதினோரு நாய்களும் அவள் பின்னால் சேர்ந்துகொள்ள, காடே அதிர்ந்தது. இத்தனை வருஷம் அடுப்படியில் இருந்து கேட்ட சத்தம் இன்றைக்கு நேராக அவளிடம் வந்துகொண்டிருந்தது.

ஓடைப் பக்கம் போன சத்தம் திரும்பியது. மான் தண்ணீரில் இறங்கி நாய்களை ஏமாற்றிவிட்டு வந்த வழியே வருகிறது என்று புரிந்துகொண்டாள். பதினோரு நாய்களும் ஓடையில் குழம்பி நின்றன. மேபல் சத்தம் மட்டும் காணோம். எங்கே போனாள் கள்ளி என்று யோசிக்கும்போதே கிளைகள் முறிந்தன. கொம்பும் கழுத்துமாக ஒரு பெரிய கிடா மான் நாற்பது கஜத்தில் பாதைக்கு வந்தது.

எர்லீன் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். மானின் ஓட்டத்தோடு குழலை நகர்த்தி, மூச்சை நிறுத்தி, விரலை அழுத்தத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் புதரைப் பிளந்துகொண்டு வெட்டி வெட்டிக் குரைத்தபடி ஒரு வெள்ளைத் தலை வந்தது. குறுக்கு வழியில் வந்து மானின் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டு ஓடினாள் மேபல். சிதறும் குண்டு அது. மானுக்குப் பட்டால் அவளுக்கும் படும். விரலை நிறுத்த நேரமில்லை. எர்லீன் குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கினாள். வெடித்தது. பைன் ஊசியிலைகள் அவள் தொப்பியில் கொட்டின. மானும் நாயும் பாதையைத் தாண்டிப் போய்விட்டன.

எர்லீன் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேபலின் குரல் தூரத்தில் பழையபடி கேட்டதும்தான் எழுந்தாள்.

ஒற்றை வெடிச் சத்தம் கேட்டு ரோஸ்கோ வளைவைச் சுற்றி ஓடிவந்தான். அந்தச் சங்கத்திலேயே கெட்ட வாய் அவனுக்குத்தான். தரையில் இரத்தம் தேடினான், குளம்புத் தடத்தைப் பார்த்தான், அவள் நின்ற இடத்துக்கும் தடத்துக்கும் எட்டு வைத்து அளந்தான். வாயைத் திறந்தான். எர்லீன் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானாள்.

"பரவாயில்ல மிஸ் எர்லீன். யாருக்கும் நடக்கறதுதான்" என்றான் ரோஸ்கோ.

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறந்ததிலிருந்து ரோஸ்கோ யாரிடமும் பரவாயில்லை என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

மத்தியானம் எல்லோரும் சங்கக் கொட்டகையில் கூடினார்கள். கொப்பரையில் ஸ்டூ கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டகையின் உள்சுவரில் துணித்துண்டுகள் வரிசையாக ஆணியடிக்கப்பட்டிருக்கும். மானைச் சுட்டுக் குறி தவறிய உறுப்பினரின் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் அடிப்பது அங்கே வழக்கம். துண்டில்லாத ஆள் சங்கத்தில் ஒருத்தர்கூட இல்லை. டீக்கனுக்கே நாலு. ஓடெலுக்கு ஆறு. நாய் குறுக்கே வந்து அதைக் காப்பாற்றக் குறியை விட்டிருந்தால் மட்டும் மன்னிப்பு உண்டு. அதை நிரூபித்தவர்கள் குறைவு, சொல்லிப் பார்த்தவர்கள் அதிகம்.

அன்றைக்கு டிவிட் என்ற தடியனும் குறி தவறியிருந்தான். கண்ணில் கொசு விழுந்தது என்றான்.

"கொசுவா? ஒரு குண்டுக்கு ஒரு கொசுன்னா நீ சுட்ட மூணுக்கு மூணு கண்ணு வேணுமேடா!" என்று ரோஸ்கோ கத்த, டிவிட்டைக் குப்புற அமுக்கிப் பிடித்துச் சட்டையை வெட்டினார்கள். டிவிட் திட்டிக்கொண்டே பல்லைக் காட்டினான். அத்தனை பேரும் சிரித்தார்கள். எர்லீனும் சிரித்தாள்.

டீக்கன் கத்தியைத் துடைத்து மடக்கினார். "சரி, ஸ்டூ ஆறிடப் போகுது. மிஸ் எர்லீன், முதல் கிண்ணம் உங்களுக்கு."

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை.

"டீக்கன், நானும் இன்னைக்குக் குறி விட்டேன்."

எல்லோரும் மறுபடி பூட்ஸைப் பார்த்தார்கள்.

"அது தெரியும்மா. ஆனா விருந்தாளிக்கு வெட்டறதில்ல. அது மரியாத இல்ல."

"விருந்தாளிக்கு வெட்டறதில்லன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் வெட்டுங்கன்னு கேக்கறேன்."

டீக்கன் தாடையைத் தடவினார். அவர் முகத்தில் 'அப்புறம் பார்க்கலாம்' உருவாகிக்கொண்டிருப்பதை எர்லீன் பார்த்தாள். அது வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான், சாகும்வரை கரண்டிதான்.

அந்த நேரம் பார்த்து ஓடெல் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"டீக்கன், ஒரு நிமிஷம். அவ குறி தவறல. நான் டிரக்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வெடிக்கு முன்னாடியே அங்க..."

"ஓடெல்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. ஓடெல் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவன் காதுக்கு எதுவும் தப்பாது என்பது அவளுக்குத் தெரியும். மேபல் வெட்டி வெட்டிக் குரைத்ததைக் கேட்டிருப்பான், மீதியைக் கணக்குப் போட்டிருப்பான். அவன் சொல்லிவிட்டால் அவளைத் தட்டிக்கொடுத்து, நாயைக் காப்பாற்றிய நல்ல விருந்தாளி என்று புகழ்ந்து, கிண்ணம் நிறைய ஸ்டூ ஊற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அங்க என்ன, ஓடெல்?" என்றார் டீக்கன்.

தன் பெண்டாட்டி சுடுவதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவன் ஓடெல்.

"ஒண்ணுமில்ல" என்றான். "நாப்பது கஜத்துல மாடு மாதிரி ஒரு கிடா. அதையும் விட்டுட்டா. வெளிய தல காட்ட முடியல."

ரோஸ்கோவின் வாய்க்கு அதுவரை இருந்த பூட்டு உடைந்தது. "நாப்பதா? நான் அளந்தேன், முப்பத்தாறு! அந்த மானு நின்னு வணக்கம் சொல்லிட்டுல்ல போயிருக்கும்? எர்லீன், பைன் மரத்தையா சமைக்கப் போற?"

பேருக்கு முன்னால் இருந்த 'மிஸ்' போய்விட்டது. எர்லீனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். டிவிட் தன் கிழிந்த சட்டையோடு கைதட்ட, இன்னொருவன் ஓநாய் மாதிரி ஊளையிட்டான்.

டீக்கன் சிரித்துக்கொண்டே கத்தியை விரித்தார். விரித்து ஓடெலிடம் நீட்டினார். "உன் இடம். நீயே வெட்டிக் கொடு."

எர்லீன் திரும்பி நின்று மேலே போட்டிருந்த ஆரஞ்சு வேட்டை அங்கியைக் கழற்றினாள். ஓடெல் அவள் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தான். அவள் காதோரம் குனிந்தான்.

"வேணும்னேதான மேல சுட்ட?"

"ஆமா. அத யார்கிட்டயாவது சொன்ன, இன்னொரு இடுப்பும் போயிடும்."

"நாப்பது வருஷத்துக்கு இவனுங்க இத சொல்லிச் சிரிப்பானுங்க எர்லீன்."

"சிரிக்கட்டும்" என்றாள் அவள். "ஓடெல், கஞ்சத்தனம் பண்ணாத. நல்லாப் பெருசா வெட்டு. வாசல்ல நுழையும்போதே தெரியணும்."