ஐந்து நிரந்தர உறுப்பினர்கள்

மெஹ்ருன்னிசா அதுவரை ஒரே ஒரு முறைதான் மேடை ஏறியிருந்தாள். அதுவும் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்ததற்கு ஒரு டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு இறங்குவதற்கு. அதனால், எண்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் கல்லூரி லெக்சரர் சக்கரவர்த்தி அவளுடைய இன்ஸ்டிட்யூட் படியேறி வந்து, "டீச்சர், உலக சமாதானத்துக்கு நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்" என்றபோது, ஏதோ மனு அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்து ஒரு வெள்ளைத்தாளை மெஷினில் சொருகினாள்.

மனு இல்லை. உலக விவகாரங்களைப் பாமர மக்களிடம் கொண்டுபோவது என்று சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. முதல் கட்டமாகத் திருவண்ணாமலையில் இரண்டு நாள் கூட்டம். முதல் நாள் 'போரும் ஐக்கிய நாடுகள் சபையும்', இரண்டாம் நாள் 'ஜனநாயகமும் மக்களும்'. பேச வருபவர் அங்கே பேராசிரியராக இருந்த டாக்டர் சுப்பிரமணி. பக்கத்தில் போளூரில் பிறந்தவர்தான். வீட்டில் தமிழில்தான் குழம்புக்கு உப்பு கேட்பார். ஆனால் வல்லரசுகளைத் தமிழில் திட்ட அவருக்கு வராது. முப்பது வருஷமாக இங்கிலீஷிலேயே திட்டிப் பழகிவிட்டார்.

"நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னா போதும்" என்றார் சக்கரவர்த்தி. "இந்த ஊர்ல உங்க அளவுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

இங்கிலீஷ் பேராசிரியர்கள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்து, இரண்டு பேரும் அந்த வாரம் பார்த்து ஜுரத்தில் படுத்துவிட்டதை அவர் சொல்லவில்லை. மெஹ்ருன்னிசாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது உண்மைதான். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு எட்டு வருஷமாக விசா நீட்டிப்பு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறாள். மன அமைதி தேடி வந்தவர்களின் கோபதாபம் முழுவதும் அவளுக்கு அத்துப்படி.

வீட்டில் அண்ணன் நூருல்லாவிடம் சொன்னாள். அவர் தேரடி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கூட்டம் எங்கே என்று கேட்டார். வியாபாரிகள் நலச்சங்கத்து மாடியில் என்றதும் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆதிமூலம் தலைமையா?"

"ஆமா பாய்ஜான். ஹாலும் காபியும் அவங்க சங்கம்தான் குடுக்குதாம்."

"போ. வேணாம்னு சொல்லல. ஆனா பாத்துப் பேசு. தீபத்துக்கு இந்த வருஷமாவது நல்ல எடம் குடுன்னு கேட்டு வெச்சிருக்கேன்."

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் தெருவில் கடை போடும் இடங்களைப் பிரித்துக் கொடுப்பது அந்தச் சங்கம். பாத்திரக்கடை ஆதிமூலம் பதினான்கு வருஷமாக அதற்குத் தலைவர். சங்கத்தில் அறுபத்தொரு பேர் இருந்தாலும் முடிவு எடுப்பது ஐந்து பேர் கொண்ட நிரந்தரக் குழு. ஆதிமூலம், அவர் தம்பி, இரண்டு மாப்பிள்ளைகள், அப்புறம் மண்டிக்கடை அப்பாசாமி. அப்பாசாமி இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. தீர்மானத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெருவிரல் ரேகை வாங்கி வருவார்கள். கோபுரத்துக்கு எதிரே உள்ள இடங்கள் மாப்பிள்ளைகளுக்கு. நூருல்லாவுக்கு எட்டு வருஷமாகக் கட்டணக் கழிப்பிடத்துக்குப் பின்னால்.

முதல் நாள் ஹால் நிரம்பியிருந்தது. அட்டெண்டன்ஸ் எடுப்போம் என்று மிரட்டியதால் மாணவர்கள் வந்திருந்தார்கள். காபி உண்டு என்பதால் வியாபாரிகள் வந்திருந்தார்கள். மூன்று வெள்ளைக்காரர்கள் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேச்சு தொடங்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆதிமூலம் ஜரிகைத் துண்டோடு நடு நாற்காலியில் இருந்தார்.

டாக்டர் சுப்பிரமணி இரண்டு உலகப்போர்களையும் அரைமணியில் முடித்துவிட்டுப் பாதுகாப்புச் சபைக்கு வந்தார். மெஹ்ருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வரி கேட்பதும் ஒரு வரி சொல்வதுமாக இருந்தாள்.

"உலகத்துல நூத்தம்பதுக்கு மேல நாடுங்க இருக்கு. ஆனா முக்கியமான முடிவு எடுக்கறது ஒரு சின்னக் குழு. அதுல அஞ்சு பேர் நிரந்தர உறுப்பினர்."

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மத்தவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க, போவாங்க. இந்த அஞ்சு பேர் மட்டும் போகவே மாட்டாங்க. இவங்களுக்குத் தேர்தல் கிடையாது."

இப்போது செருமல் ஐந்தாறு இடத்திலிருந்து வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து ஒரு நியாயத்தைச் சொன்னாலும், இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் வேணாம்னு கையத் தூக்கினா போதும். அந்த நியாயம் அதோட செத்துது."

அவ்வளவுதான். ஹாலே சிரித்தது. விசில் பறந்தது. "அஞ்சாவது ஆளு கைநாட்டுதானுங்களே?" என்று யாரோ கத்த, மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். டாக்டர் சுப்பிரமணி மெய்மறந்து நின்றார். பாதுகாப்புச் சபையைப் பற்றி அவர் எட்டு நாடுகளில் பேசியிருக்கிறார். எங்கேயும் ஒருவரும் கொட்டாவியைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறந்ததில்லை. உற்சாகம் தாங்காமல், அந்த ஐந்து பேரும் எப்படித் தங்கள் சொந்தபந்தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று உதாரணங்களோடு விளக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட அவள் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஆதிமூலத்தின் முகத்தை மட்டும் அவள் பார்க்காமல் இருந்தாள்.

சாயங்காலமே சக்கரவர்த்தி ஒரு துண்டுச்சீட்டோடு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். அதில் நான்கு வார்த்தைகள் எழுதியிருந்தன. தலைவர், தேர்தல், நிரந்தரம், மாப்பிள்ளை.

"நாளைக்கு இதெல்லாம் வராம பாத்துக்குங்க டீச்சர். இல்லன்னா ஹாலைப் பூட்டிடுவேன்னு சொல்றாரு."

"நாளைக்கு ஜனநாயகம் சார். தேர்தல்னு சொல்லாம எப்படி?"

"வெளிநாட்டு ஜனநாயகம்தானே? சமாளிங்க."

"அப்புறம், மாப்பிள்ளைன்னு நான் சொல்லவே இல்லியே?"

"நீங்க சொல்லல. ஆனா எல்லார் காதுலயும் விழுந்துச்சாம்" என்றார் சக்கரவர்த்தி பரிதாபமாக.

அவர் போன பிறகு மெஹ்ருன்னிசாவுக்குக் கோபம் வந்தது. மெல்ல வரும், வந்தால் தங்கிவிடும் கோபம். விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடு என்றார் நூருல்லா. கழிப்பிடத்துக்குப் பின்னாலிருந்த இடமும் இந்த வருஷம் போய்விட்டது என்று அவர் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார். அவளோ அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் புரியாத தாள்களை டைப் அடிக்கும்போது, புரியாத வார்த்தைக்கு அவள் தானாக எதையும் போடமாட்டாள். அந்த அளவுக்கு இடம் விட்டு அடிப்பாள். தாளைக் கொண்டுவந்தவர்கள் பிறகு பேனாவால் நிரப்பிக்கொள்வார்கள். அதுதான் நேர்மை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் ஹாலில் நிற்க இடமில்லை. முதல் நாள் வராதவர்களும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள். டாக்டர் சுப்பிரமணி இதைப் பார்த்து, மக்களின் அரசியல் தாகம் பற்றி ஒரு முன்னுரை சொன்னார். பிறகு ஜனநாயகத்துக்குள் நுழைந்தார்.

மெஹ்ருன்னிசா மைக்கின் முன்னால் நின்றாள். "ஜனநாயகத்தோட உயிர்நாடி..." என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லும் நேரம் அமைதியாக நின்றாள்.

கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. எங்கோ ஒரு மாணவன், "தேர்தல்!" என்று எடுத்துக் கொடுத்தான்.

அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த வரிக்குப் போனாள். "மக்களால தேர்ந்தெடுக்கப்படாத ஒருத்தர், எத்தினி வருஷம் நாற்காலியில உக்காந்திருந்தாலும், அவரை..."

"தலைவர்னு சொல்ல முடியாது!" என்று இருபது பேர் சொன்னார்கள்.

"உலகத்துல எந்தப் பதவியும்..."

"நிரந்தரம் இல்ல!" இப்போது முழு ஹாலும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் ராகம் வேறு வந்துவிட்டது. மெஹ்ருன்னிசாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் உள்ளுக்குள், பரீட்சை ஹாலில் மணியடிப்பதற்கு முன் கடைசி வரியை அடித்து முடித்த அந்தப் பழைய சந்தோஷம் பொங்கியது. டாக்டர் சுப்பிரமணி, எந்த நாட்டில் அதிபரின் மருமகன்கள் மந்திரிகளானார்கள் என்று ஒரு புள்ளிவிவரத்தை எடுத்தார். அவள் அதைச் சொல்லி, உரிய இடத்தில் நிறுத்துவதற்குள்ளாகவே கூரை அதிர்ந்தது.

ஆதிமூலம் எழுந்துவிட்டார். துண்டு கீழே விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"யாரைப் பாத்துடா ஜாடை பேசறீங்க? தேர்தலுக்கு நான் பயந்தவனா? வெச்சிக்கலாம்டா! அடுத்த மாசமே வெச்சிக்கலாம்! எவன் ஜெயிக்கறான்னு பாக்கறேன்!"

டாக்டர் சுப்பிரமணி மெஹ்ருன்னிசா பக்கம் குனிந்து, பெரியவர் எந்தத் தேர்தலைச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். அடுத்த மாதம் தம் சங்கத்தில் தேர்தல் நடத்தப்போவதாக அறிவிக்கிறார் என்று அவளும் இங்கிலீஷில் சொன்னாள். பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் ஆதிமூலத்தைக் கட்டிக்கொண்டார். கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஆதிமூலத்துக்கு, ஒரு சென்னைக்காரர் எதற்காகத் தன்னைக் கட்டிப்பிடிக்கிறார் என்று புரியவில்லை. போட்டோ எடுத்துவிட்டார்கள். மறுவாரம் அது பத்திரிகையில் வந்தது. போட்டோ வந்த பிறகு தேர்தலை வைக்காமல் இருக்க வழியில்லை.

செப்டம்பர் கடைசியில் தேர்தல் நடந்தது. ஆதிமூலத்தை எதிர்த்து நூருல்லாவையே நிறுத்தினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் ஓட்டுக் கேட்டார். இரண்டு நாளும் தொண்டை கிழியக் கத்தியவர்களில் பாதிப் பேர், தீபம் இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்து ஆதிமூலத்துக்கே போட்டார்கள். ஆதிமூலம் முப்பத்தொன்று, நூருல்லா இருபத்தொன்பது, செல்லாத ஓட்டு ஒன்று. அந்தச் சீட்டில் 'புரொபசர்' என்று எழுதியிருந்தது.

இருந்தாலும் இரண்டே ஓட்டில் தப்பியது ஆதிமூலத்தைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. நிரந்தரக் குழுவைக் கலைத்தார். அப்பாசாமிக்குத்தான் அதில் பெரிய நிம்மதி. கடை இடங்களுக்குக் குலுக்கல் வந்தது. நூருல்லாவுக்குக் குலுக்கலில் விழுந்தது அதே கழிப்பிடத்துக்குப் பின்னால்தான்.

"இந்த தடவை யாரையும் திட்டக்கூட முடியலியே, மெஹர்" என்று அவர் மனம் நொந்தார். ஆனால் கழிப்பிடத்துக்கு முன்னாலேயே, நேர் எதிரில், பெரிய மாப்பிள்ளைக்கு விழுந்திருந்தது. அதைப் பார்க்கவே அந்தப் பத்து நாளும் அவர் விடியற்காலையில் கடை திறந்தார்.

பல்கலைக்கழகம் இதையெல்லாம் பதினெட்டுப் பக்க அறிக்கையாக அச்சிட்டது. டாக்டர் சுப்பிரமணியின் உரையைக் கேட்டு ஒரு கோயில் நகரமே ஜனநாயகத்துக்கு விழித்தெழுந்ததாக அதில் இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. பாராட்டுச் சான்றிதழ் ஒன்று தபாலில் வந்தது, 'திரு. மெஹ்ரு நேசன்' என்ற பெயருக்கு. தபால்காரர் அதைக் கொடுக்க இரண்டு நாள் யோசித்தார்.

தை மாதத்தில் சக்கரவர்த்தி மறுபடியும் படியேறி வந்தார். அடுத்த கூட்டம் வேலூரில், தலைப்பு 'அணு ஆயுத யுகத்தில் அமைதி'. மெஹ்ருன்னிசா இல்லாமல் பேசமாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். சான்றிதழில் பெயரைத் திருத்திக் கொடுத்தால் வருகிறேன் என்றாள். திருத்திக் கொடுத்தார்கள்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேச்சின் நகலைப் படித்துக்கொண்டே போனாள். முதல் பக்கத்திலேயே 'டிட்டரன்ஸ்' என்ற வார்த்தை இடக்கு பண்ணியது. அகராதி சொன்ன தமிழ் அதைவிட மோசமாக இருந்தது. பக்கத்தில் கனகாம்பரக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எல்லம்மாள் என்ற பூக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மெஹ்ருன்னிசா அவளிடமே கேட்டாள்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஜென்மப்பகை. ஒருத்தர் கை வெச்சா ரெண்டு பேரும் அழிஞ்சிடுவாங்க. அது தெரிஞ்சிக்கினு, அடிச்சிக்காம, மொறைச்சிக்கினே காலம் தள்றாங்க. அதுக்கு இன்னான்னு சொல்வீங்க?"

எல்லம்மாள் யோசிக்கவே இல்லை. "சம்பந்தி வூடுங்க" என்றாள்.

மெஹ்ருன்னிசா பேனாவை எடுத்து, நகலின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள்.